ஏ.ஸி. காரில் வெந்த கால்

அத்தியாயம் 4

“என்னை யாரோ கொல்லப் பார்த்திருக்காங்கம்மா,” என்றார் நடேசன்.

சொல்லிவிட்டு, தன் பேச்சு அந்த அறையில் என்ன செய்தது என்று பார்த்தார். பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. துப்பறியும் அன்னபுஷ்பம் காபியை ஆற்றிக்கொண்டிருந்தாள். அவளுடைய உதவியாளன் மண்ணாங்கட்டி, தட்டிலிருந்த பிஸ்கட்டுகளில் உடையாதது எது என்று தேடிக்கொண்டிருந்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்கு, மே மாதம், ஒரு வியாழக்கிழமை. ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி பெங்களூர் சாலை ஓரத்தில் நடேசனுக்கு ஸ்பிரிங் செய்யும் தொழிற்சாலை இருந்தது. ஐம்பத்தாறு வயது. வலது கை மாவுக்கட்டில் தொங்கியது. தோளில் சரிகைக் கரை போட்ட துண்டு. காஞ்சிபுரத்திலிருந்து டஜன் கணக்கில் வரவழைப்பார் என்று ஊரில் பேச்சு.

அன்னபுஷ்பம் சென்னையில் பதினெட்டு வருஷம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். ஒரு நாளைக்கு நானூறு குரல். பொய் சொல்கிறவர்கள் எந்த இடத்தில் மூச்சு வாங்குவார்கள் என்று அவளுக்குத் தெரியும். எல்லாரும் தாங்களே நம்பரைச் சுழற்றிப் பேசும் காலம் வந்ததும் வேலையை விட்டுவிட்டு, ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் ஒரு சைக்கிள் கடை மாடியில் துப்பறியும் நிலையம் திறந்தாள். மண்ணாங்கட்டி வாலாஜாபாத்துக்காரன். லாரி ஷெட்டில் பதினைந்து வருஷம் மெக்கானிக். இஞ்சினைத் திறந்தால் உருப்படியாகப் பேசுவான், மற்ற நேரத்தில் வாய் மட்டும் மூடாது.

“முதல்லேர்ந்து சொல்லுங்க சார்,” என்றாள் அன்னபுஷ்பம்.

“போன வெள்ளிக்கிழமை, காலைல பத்து மணி. நான் பின் சீட்டுல. டிரைவர் மரியஜோசப் ஓட்டறான். செம்பரம்பாக்கம் ஏரிக்கரை ரோடு. திடீர்னு ஏ.ஸி.யில அனல் அடிக்குது. அடுப்பு வாயில மூஞ்சியை வெச்ச மாதிரி. அடுத்த நிமிஷம் முன் கண்ணாடி பூரா வெள்ளையா மூடிக்கிச்சு. துடைக்கத் துடைக்க மெழுகிட்டே வருது, ஒண்ணும் தெரியல. வண்டி ரோட்டை விட்டு எறங்கி, லூர்தம்மாள்னு ஒரு பொம்பளையோட ஆப்பக் கடைக்குள்ள பூந்து, புளியமரத்துல இடிச்சு நின்னுது.”

“அந்தம்மாவுக்கு?”

“கூரை மேல விழுந்து கால் எலும்பு முறிஞ்சிருக்கு. ஆஸ்பத்திரியில இருக்காங்க.”

“டிரைவருக்கு?”

“அவனுக்குக் காயம்னு பெருசா ஒண்ணும் இல்ல. ஆனா குடிச்சிருந்தான்னு போலீஸ்ல எழுதியிருக்காங்க. ஏட்டு தணிகாசலம் வந்து பார்த்தப்ப வண்டிக்குள்ள, அவன் துணியில, எல்லாம் தித்திப்பா ஒரு வாசனை. திங்கட்கிழமை கோர்ட்டு. லைசென்ஸ் போயிடும், ஜெயில் கூட இருக்கலாம்ங்கறாங்க.” நடேசன் குரலைத் தாழ்த்தினார். “எனக்கும் வாசனை வந்துதும்மா. பத்து வருஷமா என்கிட்ட ஓட்டறான். அவன் குடிப்பான்னு நான் நெனைச்சதே இல்ல.”

இந்தக் கடைசி வாக்கியத்தில் மட்டும் அவர் எங்கும் மூச்சு வாங்கவில்லை. அன்னபுஷ்பம் அதைக் கவனித்தாள்.

“குடிகாரன்தான் கெடைச்சிட்டானே மொதலாளி,” என்றான் மண்ணாங்கட்டி. “கொலைகாரன் வேற எதுக்கு?”

“டிரைவர் குடிச்சா கார் அனல் அடிக்குமாய்யா? அதுக்கு ரெண்டு நாளைக்கு முன்னாடிதான் ஏசுதாஸ்னு ஒரு ஏ.ஸி. மெக்கானிக் அதுல கை வெச்சான். எனக்குப் போட்டியா ஸ்பிரிங் பண்றவருக்கும் அவன்தான் வேலை செய்யறான். எதையோ கழட்டி விட்டிருக்கான். அதை நீங்க கண்டுபிடிக்கணும்.”

“மெட்ராஸுக்குப் போகவா ஏரிக்கரை ரோட்ல போனீங்க?”

நடேசன் மூச்சு வாங்கினார். “இல்ல… சும்மாதான். காத்து வாங்க.”

“ஏ.ஸி. வண்டில கண்ணாடிய ஏத்திக்கினு காத்து வாங்கப் போனீங்களா?” என்றான் மண்ணாங்கட்டி, பிஸ்கட்டைக் கடித்தபடி.

நடேசன் சரிகைத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மேலே மின்விசிறி நன்றாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

ஓரகடத்தில், வாலாஜாபாத் சாலையில் ஏசுதாஸின் ஷெட், ஒரு தகரக் கொட்டகை. விபத்தன்று போலீஸ் இழுத்துவந்து விட்ட அந்த நீலக் கார் அதற்குள் நின்றது. ஏதோ ஒரு தூதரகம் ஏலம் விட்டபோது நடேசன் எடுத்த வண்டி. குளிர் நாட்டில் பிறந்ததால் அதற்கு ஹீட்டர் உண்டு. சென்னையில் வளர்ந்ததால் ஏ.ஸி.யும் பொருத்தியிருந்தார்கள். வலது பக்கக் கதவு புளியமரத்தின் வடிவத்துக்கு உள்ளே போயிருந்தது. இஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஏசுதாஸ் ஒல்லியான ஆள். முப்பது வயதிருக்கும். இவர்களைப் பார்த்ததும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான்.

“நான் ஒண்ணும் பண்ணலக்கா. பெல்ட்ட இறுக்கினேன், கேஸ் பார்த்தேன், அவ்ளோதான். ஊரெல்லாம் நான் காசு வாங்கிக்கினு மொதலாளியக் கொல்லப் பாத்தேன்னு பேசிக்கினு கீறாங்க. ரெண்டு வண்டிக்காரங்க வேலைய வாணாம்னு திருப்பி எடுத்துக்கினு போயிட்டாங்க.”

“அழுவாத ஏசுதாசு,” என்றான் மண்ணாங்கட்டி. “வண்டியே சொல்லும் யாரு பண்ணதுன்னு. பானெட்ட தூக்கு.”

பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். இறுக்கமாக இருந்தது. உள்ளே காற்றைத் தள்ளும் விசிறியைப் போட்டான். ஓடியது. ரேடியேட்டர் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு பக்கெட் தண்ணீர் கேட்டான்.

“பாருக்கா, ஊத்த ஊத்தக் குடிக்குது. அரை பக்கெட் உள்ள போயிடுச்சு. இவ்ளோ தண்ணி எங்க போச்சு? ரேடியேட்டர்ல ஓட்டை இல்ல, கீழ தரையும் காஞ்சு கெடக்குது.”

“வண்டியைக் கிளப்பிப் பாரு.”

கிளப்பினான். ஏ.ஸி.யின் சுவிட்சைப் போட்டுச் சில நிமிஷம் ஓட விட்டான். அன்னபுஷ்பம் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, டாஷ்போர்டில் காற்று வரும் வாயில் வைத்தாள். உடனே எடுத்துக்கொண்டாள். நடேசன் சொன்னது உண்மைதான். அனல்.

ஏசுதாஸின் முகம் வெளுத்தது. “கேஸ் போயிடுச்சுன்னு சொல்வாங்க. நான்தான் வுட்டுட்டேன்னு சொல்வாங்க.”

“கேஸ் போனா வெறும் காத்துதான் வரும்டா. அடுப்புக் காத்து வராது. அக்கா, இங்க வந்து இந்த ரெண்டு குழாயையும் தொடு. மெல்லிசு ஒண்ணு, தடிசு ஒண்ணு.”

அன்னபுஷ்பம் தொட்டாள். மெல்லிய குழாய் சுட்டது. தடித்த குழாயின் மேல் வேர்வை மாதிரி நீர் முத்துக்கள். விரல் ஜில்லிட்டது.

“மெல்லிசு சுடணும், தடிசு ஜில்லுனு வேர்க்கணும். ரெண்டும் கரெக்டா கீது,” என்றான் மண்ணாங்கட்டி. “ஏசுதாஸ் வேலைல ஒரு குத்தமும் இல்ல. ஏ.ஸி. பாவம், உசுரக் குடுத்துக் குளிர உண்டாக்கிக்கினு கீது. அது பக்கத்துலயே குந்திக்கினு வேற ஒருத்தன் அடுப்ப மூட்டறான்.”

“யாரு அந்த ஒருத்தன்?”

இஞ்சினிலிருந்து காருக்குள் போகும் இரண்டு ரப்பர் குழாய்களை அவன் காட்டினான். இரண்டும் தொட முடியாதபடி கொதித்தன. “ஹீட்டரு. இஞ்சின்ல சுடற தண்ணி இது வழியா டாஷ்போர்டு அடில இருக்கிற குட்டி ரேடியேட்டருக்குப் போவுது. குளிர் தேசத்துல வெள்ளக்காரன் கால் மரத்துப் போவாம இருக்க வெச்சது. நம்ம ஊர்ல மே மாசத்துல யாருக்குக் கால் மரத்துச்சுன்னு தெரியல.”

டாஷ்போர்டில் ஒரு சின்ன லீவர் இருந்தது. ஒரு முனையில் நீலப் பொட்டு, மறுமுனையில் சிவப்புப் பொட்டு. கீழே எந்த நாட்டு எழுத்து என்றே தெரியாத எழுத்துகள். லீவர் சிவப்புப் பக்கம் ஒட்டிக்கொண்டு நின்றது.

அப்போதுதான் இடது பக்க முன் சீட்டுக்குக் கீழே சொட்டுச் சத்தம் கேட்டது. டாஷ்போர்டு அடியிலிருந்து பச்சை நிறத்தில் நீர் ஆவி பறக்க மிதியடியின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. கூடவே ஒரு வாசனை. தித்திப்பான, லேசாகத் தலையைச் சுற்றவைக்கும் வாசனை.

அன்னபுஷ்பம் மூக்கைச் சுருக்கினாள். “இது என்ன?”

“கூலண்ட்டுக்கா,” என்றான் ஏசுதாஸ். “ரேடியேட்டர் தண்ணியில கலக்கற மருந்து. குளிர் நாட்ல தண்ணி உறையாம இருக்க ஊத்துவாங்க. துருவும் புடிக்காது. அதான் வண்டியோட வந்த டின்னுலேர்ந்து நானும் ஊத்தினேன். வாசன இப்படித்தான் வரும்.”

“சாராயத்துக்கு ஊறல் போட்ட பழம் மாதிரி கீது,” என்றான் மண்ணாங்கட்டி. “உனுக்கு எப்படித் தெரியும்னு மட்டும் கேக்காதக்கா.”

அவள் கேட்கவில்லை. மண்ணாங்கட்டியை இஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டு, இடது கதவு வழியாக உள்ளே ஏறி, முன் கண்ணாடியின் உள்பக்கத்தை விரலால் தொட்டாள். பிசுக்கு ஒட்டியது. ஹீட்டர் ரேடியேட்டர் பிளந்ததும் அந்தப் பச்சைத் தண்ணீர் ஆவியாகிக் காற்றோடு மேலே அடித்துக் கண்ணாடி முழுக்கப் படிந்திருந்தது. ஸ்டியரிங்குக்கு நேர் எதிரே மட்டும் யாரோ அவசரமாகத் துடைத்த தடம். அந்தப் பிசுக்கில் மயிரிழை போல ஏதோ ஒன்று மின்னியது. கைப்பையிலிருந்த ஊசியால் அதை நெம்பி எடுத்து நோட்டுப் புத்தகத்தில் வைத்து மூடினாள். பிறகு டிரைவர் சீட்டின் அடியில் தடவிப் பார்த்தாள். தரை காய்ந்திருந்தது.

“இன்னாக்கா அது?”

“நூல்.”

மண்ணாங்கட்டி இஞ்சினை மறுபடி கிளப்பி, லீவரை நீலப் பக்கம் தள்ளினான். ஒரு நிமிஷம். ரெண்டு நிமிஷம். அனல் தணிந்து, வெதுவெதுப்பாகி, பிறகு அந்தத் தகரக் கொட்டகை வெயிலில் அவர்கள் மூவர் முகத்திலும் ஜில்லென்று காற்று அடித்தது. ஏசுதாஸ் கண்ணை மூடிக்கொண்டு அங்கேயே நின்றான்.

“இந்த லீவரை யார் சிவப்புப் பக்கம் தள்ளியிருப்பாங்க?” என்று கேட்டாள் அன்னபுஷ்பம்.

“அதாங்க்கா எனக்கும் புரியல. மரியஜோசப் அண்ணன் தள்ளவே மாட்டாரு. அந்தக் குட்டி ரேடியேட்டர் துருப்புடிச்சு உளுத்துப் போயிருந்துச்சு. டார்ச் அடிச்சு அவருக்கே காட்டினேன். மாத்தற வரைக்கும் செவப்புப் பக்கம் போவாதீங்கண்ணே, சுடுதண்ணி ஏறினா வெடிச்சிடும்னு சொன்னேன். சரின்னாரு. அவரு சரின்னா சரிதான்.”

“மொதலாளிக்குப் பின் சீட்டுலேர்ந்து எட்டாது,” என்றான் மண்ணாங்கட்டி. “அப்ப பேய்தான்.”

“வெயில்ல அலையற பேய் எந்த ஊர்லயும் இல்ல. ஸ்கூட்டரை எடு. டிரைவரைப் பார்ப்போம்.”

இருங்காட்டுக்கோட்டையில் மாதா கோயிலுக்குப் பின்னால் ஓட்டு வீடு. வாசலுக்கு நேரே தையல் மிஷினில் மரியஜோசப்பின் மனைவி செல்வமேரி வெள்ளை கவுன் ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தாள். மரியஜோசப் சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு கால்களையும் ஒரு பலகை மேல் நீட்டியிருந்தான். நாற்பது வயது, நல்ல உயரம். பாதங்களில் தேங்காயெண்ணெய் மினுமினுத்தது.

முதலாளி அனுப்பியவர்கள் என்று தெரிந்ததும் எழுந்திருக்கப் பார்த்தான். முடியவில்லை.

“என் தப்புதாங்க,” என்றான். “திங்கக்கிழம கோர்ட்ல ஒத்துக்கப் போறேன்.”

“நாங்க இன்னும் எதையும் கேக்கவே இல்லியே,” என்றாள் அன்னபுஷ்பம்.

“கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடலாம்னுதான்.”

“கண்டக்டர் வர்றதுக்கு முன்னாடியே சில்லறைய நீட்டற ஆளு,” என்றான் மண்ணாங்கட்டி.

“கால்ல என்ன?” என்றாள் அன்னபுஷ்பம்.

“வூட்ல வெந்நி கொட்டிக்கிச்சு.”

தையல் மிஷின் நின்றது. “வூட்லயா?” என்றாள் செல்வமேரி. “வூட்ல எப்ப…”

“மேரி,” என்றான் அவன். பெயரை மட்டும்தான் சொன்னான். மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. தையல் மட்டும் அதன்பிறகு நேராக ஓடவில்லை.

அன்னபுஷ்பம் குனிந்து பார்த்தாள். இரண்டு பாதங்களின் மேலும் தோல் உரிந்து சிவந்திருந்தது. நடுவே ஒரு விரல் அகலத்துக்குக் குறுக்காக ஒரு பட்டை மட்டும் வேகாமல் தப்பியிருந்தது. செருப்பு வாரின் தடம். வாசற்படியில் கிடந்த செருப்புகளைத் திரும்பிப் பார்த்தாள். இந்த வீட்டுக்குள் யாரும் செருப்போடு நடப்பதில்லை.

“குடிச்சீங்களா?” என்று கேட்டாள்.

அவன் முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தான். “இல்லீங்க. ஆனா குடிச்சேன்னு எழுதிட்டாங்க. ஒண்ண ஒத்துக்கினு இன்னொண்ண இல்லன்னா யாரு நம்புவாங்க?”

“அந்த ஒண்ணு எது?”

செல்வமேரிதான் பேசினாள். “ஞாயித்துக்கெழம எங்க பொண்ணு கிரேசிக்குப் புதுநன்மை, மொத மொத நற்கருணை வாங்கப் போவுது. இவரு கோயிலுக்கு வரமாட்டேன்றாரு. போன வாரம் நொண்டிக்கினே பூசைக்குப் போனாரு. இவரு குந்தின பெஞ்சுல ஒருத்தரும் வந்து குந்தல. ஒருத்தி மூக்குல முந்தானைய வெச்சுக்கினா. இவரு வாழ்நாள்ல தொட்டதில்லக்கா அந்தக் கருமத்த. கிரேசி கேக்குது, அப்பா மேல வாசன வருதாம்மான்னு.”

மரியஜோசப் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வெளியே வந்து ஸ்கூட்டர் அருகில் நின்றார்கள். மண்ணாங்கட்டி கொஞ்ச நேரம் கிளப்பவில்லை.

“பொய் சொல்றாருக்கா.”

“ஆமாம். பழக்கமில்லாதவர் சொல்ற பொய். அதான் இவ்வளவு மோசமா இருக்கு. சனிக்கிழமை காலைல நடேசனை ஷெட்டுக்கு வரச் சொல்லு. ஏட்டு தணிகாசலத்தையும் கூப்பிடு.”

“ரெண்டு பேரும் வரணும்னா இன்னா சொல்றது?”

“கொலைகாரனைப் பிடிச்சாச்சுன்னு சொல்லு.”

சனிக்கிழமை நடேசன் வாடகை டாக்ஸியில் வந்து இறங்கினார். தணிகாசலம் முன்பே வந்து, வெற்றிலையைக் குதப்பியபடி நிழலில் நின்றார். ஏசுதாஸ் கொட்டகைத் தூணுக்குப் பாதி மறைந்து நின்றான். நடேசன் அவனை முறைத்தார்.

“இவன்தானேம்மா?”

“சொல்றேன் சார். அதுக்கு முன்னாடி சின்னதா ஒரு சோதனை. டிரைவர் சீட்டுல கொஞ்சம் உட்காருங்க.”

வலது கதவு திறக்காது. நடேசன் இடது பக்கமாக ஏறி, மாவுக்கட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரே நகர்த்தலில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். மண்ணாங்கட்டி குனிந்து சாவியைத் திருகினான். இஞ்சின் ஓடியது.

“வெயில் கொளுத்துது,” என்றாள் அன்னபுஷ்பம். “ஏ.ஸி.யை ஃபுல்லா வைங்க.”

நடேசன் குனிந்துகூடப் பார்க்கவில்லை. இடது கை தானாகப் போய் லீவரைச் சிவப்பு முனைக்குத் தள்ளியது.

மண்ணாங்கட்டி இஞ்சினை அணைத்தான்.

“அந்தப் பக்கம் ஏன் சார் தள்ளினீங்க?” என்று கேட்டாள் அன்னபுஷ்பம்.

“ஃபுல்லுன்னா அந்தப் பக்கம்தானே? நம்ம ஃபேக்டரியில அத்தனை மெஷின்லயும் செவப்புதான் ஃபுல்.”

“இதுல செவப்பு ஹீட்டர். அதைத் தள்ளினாதான் அனல் அடிக்கும். மரியஜோசப்புக்கு அது தெரியும், தொடமாட்டாரு. தெரியாதவங்க யாரோ முன் சீட்டுல இருந்து தள்ளியிருக்காங்க.”

“நான் பின் சீட்டுல…” என்று ஆரம்பித்தார் நடேசன்.

“பின் சீட்டுல இருந்து முன் கண்ணாடியைத் துடைச்சீங்களா? துடைக்கத் துடைக்க மெழுகிட்டே வந்துச்சுன்னு நீங்கதான் சொன்னீங்க. மெழுகறது கைக்குத்தான் சார் தெரியும்.” அவள் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தாள். “கண்ணாடிப் பிசுக்குல இது ஒட்டியிருந்துது. சரிகை இழை.”

நடேசனின் கை தோளுக்குப் போய், துண்டின் கரையைத் தொட்டு, அப்படியே நின்றது.

“டிரைவர் வூட்டுக் கொடியில தொங்கின துண்டையும் பாத்துட்டேன் மொதலாளி,” என்றான் மண்ணாங்கட்டி. “அதுல சரிகை இல்ல. ஓட்டைதான் கீது.”

“ஹீட்டர் வெடிச்சு வெந்நீர் கொட்டினது இடது பக்கம். டிரைவர் சீட்டுக் கீழ ஒரு சொட்டு இல்ல. ஆனா மரியஜோசப்புக்கு ரெண்டு பாதமும் வெந்திருக்கு, செருப்பு வாரைத் தவிர. அவர் இடது சீட்டுல இருந்தாரு. வலது சீட்டுல இருந்தது யாரு சார்?”

கொட்டகைக்கு வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. நடேசன் துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“மூணு மாசமா கத்துக்கிறேன்,” என்றார் கடைசியில். “நூத்திருபது பேருக்கு வேலை குடுக்கறவன், இந்த வயசுல எல் போர்டு மாட்டிக்கிட்டு ஃபேக்டரி கேட்டுக்கு முன்னாடி போனா சிரிக்க மாட்டாங்களா? அதான் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை ஏரிக்கரை. லைசென்ஸ் இல்ல. இடிச்சதும் அவனேதான் என்னைப் பின் சீட்டுக்குத் தள்ளினான். நான் ஓட்டினேன்னு சொல்லிக்கறேன், நீங்க பேசாம இருங்கய்யான்னான்.”

“குடிச்சேன்னும் அவரேதான் சொல்லிக்கிறேன்னாரா?”

“அது…” நடேசன் கண்ணை மூடினார். “வாசனை வந்துதேம்மா. நெஜமாவே குடிச்சிருக்கான்னு நம்பிட்டேன். சொல்லிக் குடுக்கறவன் குடிச்சதாலதான் இப்படி ஆச்சு, என் மேல பாதித் தப்புதான்னு நெனைச்சுக்கிட்டேன். அது வசதியா இருந்துது.”

அன்னபுஷ்பம் இடது பக்க மிதியடியை எடுத்து அவர் முகத்துக்கு அருகில் நீட்டினாள். நடேசன் மோந்து பார்த்தார். மறுபடியும் மோந்தார்.

“அப்ப அவன் குடிக்கலியா?”

“ஒரு சொட்டு கூட இல்ல.”

அவர் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். மண்ணாங்கட்டி ஏற்கனவே பார்த்த பெல்ட்டை மறுபடி போய் அழுத்திப் பார்த்தான்.

பிறகு நடேசன் காரை விட்டு இறங்கி, நேராகத் தணிகாசலத்தின் முன் போய் நின்றார்.

“ஏட்டய்யா, அன்னைக்கு வண்டி ஓட்டினது நான்தான். எழுதிக்குங்க.”

தணிகாசலம் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து அன்போடு சிரித்தார். “மொதலாளி, உங்க மனசு யாருக்கு வரும்? பத்து வருஷ ஆளு, எப்படியாவது காப்பாத்தணும்னு பாக்கறீங்க. கேஸ்னு ஒண்ணு இருக்குதில்ல?”

“காப்பாத்தலய்யா. நெஜமாவே நான்தான்.”

“உங்களுக்கு ஓட்டத் தெரியாதுன்னு ஊருக்கே தெரியும் மொதலாளி.”

“அதைத்தான்யா நானும் சொல்றேன்,” என்றார் நடேசன்.

தணிகாசலம் நம்பவில்லை. டிரைவர் வாயால் வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார். எல்லாரும் டாக்ஸியில் அடைத்துக்கொண்டு இருங்காட்டுக்கோட்டைக்குப் போனார்கள். மிதியடி மண்ணாங்கட்டியின் மடியில் பயணம் செய்தது.

ஓட்டு வீட்டுக்குள் இத்தனை பேர் நிற்க இடமில்லை. செல்வமேரி தைத்த துணிகளை அள்ளி மூலையில் வைத்தாள். மரியஜோசப் முதலாளியைப் பார்த்ததும் கால் வலியை மறந்து எழுந்துவிட்டான். பலகை சாய்ந்தது.

“உக்காருப்பா,” என்றார் தணிகாசலம். “ஒரே கேள்வி. அன்னைக்கு வண்டியை யாரு ஓட்டினது?”

மரியஜோசப் நடேசனைப் பார்த்தான்.

“சொல்லிடு ஜோசப்பு,” என்றார் நடேசன். “நீ குடுத்த வாக்கை நானே திருப்பி வாங்கிக்கறேன். இருக்கறதை இருக்கற மாதிரி சொல்லு.”

“ஐயாதான் ஓட்டினாரு,” என்றான் மரியஜோசப். ஒரு வாரம் அடைத்துக்கிடந்தது அத்தோடு திறந்துகொண்டது. “ரொம்ப மோசமா ஓட்டினாரு. மூணு மாசமா சொல்லிக் குடுத்துக்கினு கீறேன், கிளச்ச எப்ப வுடணும், எப்ப மிதிக்கணும்னு இன்னும் தெரியல. செவப்பத் தொடாதீங்கய்யான்னு கத்தறேன், எதிர்ல வந்த லாரி ஆரன்ல அவரு காதுல வுழல. என் கால்ல வெந்நி கொட்டுது. கால தூக்கறதா, ஸ்டியரிங்கப் புடிக்கறதா? புடிச்சேன். பிரேக்குனு நெனச்சு ஆக்சிலேட்டர மிதிச்சாரு. ஏரிப்பக்கம் போயிருக்கும், நான்தான் இந்தப் பக்கம் இழுத்தேன். அந்தம்மா கடைல போய் வுழுந்துச்சே, அது என் கை இழுத்ததுதான். அதாங்க என்னால தூங்க முடியல.”

யாரும் சிரிக்கவில்லை. நடேசன் தலையைக் குனிந்துகொண்டு, “எல்லாம் சரிதான்,” என்றார். “இவன் இழுக்கலன்னா நாங்க ரெண்டு பேரும் ஏரித் தண்ணியில. லூர்தம்மாளை நான் இன்னைக்கே ஆஸ்பத்திரியில போய்ப் பாக்கறேன். உங்க கடையை இடிச்சது நான்தான்னு நேர்ல சொல்லிட்டு வர்றேன். நீ அதைச் சுமக்காத.”

மண்ணாங்கட்டி மிதியடியை மரியாதையோடு ஏட்டிடம் நீட்டினான். தணிகாசலம் மோந்து பார்த்தார். அவர் முகம் மாறியது. இன்னொரு தடவை மோந்தார்.

“இதே வாசனைதான்,” என்று முணுமுணுத்தார்.

பலகையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினார். நடேசன் சொல்லச் சொல்ல ஒரு பக்கம், மரியஜோசப் சொல்லச் சொல்ல ஒரு பக்கம். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். நடேசனின் இடது கைக் கையெழுத்து அவர் வண்டி ஓட்டியதைப் போலவே இருந்தது.

“திங்கட்கிழமை இதைக் கோர்ட்டுல சேர்த்துடறேன்,” என்று எழுந்தார் தணிகாசலம்.

“நான் குடிச்சிருந்தேன்னு எழுதினீங்களே,” என்றான் மரியஜோசப். “அது?”

“இதைப் பாத்தா அது தன்னால அடிபட்டுப் போயிடும்பா.”

“தன்னால போவ வாணாங்க. நீங்க எழுதினது. நீங்களே இல்லன்னு எழுதணும்.”

ஏட்டு அன்னபுஷ்பத்தைப் பார்த்தார். செல்வமேரியைப் பார்த்தார். பிறகு மறுபடி உட்கார்ந்து, கடைசியில் மூன்று வரி சேர்த்து, கையெழுத்துப் போட்டார்.

“மேரி, படி,” என்றான் மரியஜோசப்.

செல்வமேரி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு காகிதத்தை வாங்கினாள். “அன்று வண்டியிலும் மேற்படி மரியஜோசப்பின் துணியிலும் வீசிய வாசனை மதுவின் வாசனை அல்ல, வண்டியின் தண்ணீரில் கலந்த மருந்தின் வாசனை. மேற்படியார் குடித்திருக்கவில்லை. முன்பு அவ்வாறு எழுதியது என்னுடைய தவறு.”

ஒரு முறை புருஷனுக்காகப் படித்தாள். இன்னொரு முறை தனக்காக, மெதுவாக, விரலை வைத்துப் படித்தாள். பிறகு காகிதத்தை எடுத்துக்கொண்டு வாசற்படியில் போய் நின்று, தெருவுக்கு முழுக்கக் கேட்கும்படி மூன்றாவது முறை படித்தாள்.